பழையபடி வச்சுக் குடுங்க

பெருசா வேலை ஒண்ணும் இல்லண்ணே. இந்தக் கிளட்ச் லிவர் இருக்குல்ல, இத மேல தூக்கி வைக்கணும். பிரேக் லிவரையும்தான். முன்னால எப்படி இருந்துச்சோ அப்படியே, பழையபடி வச்சுக் குடுங்க. ஹேண்டில் பாரையும் கொஞ்சம் முன்னால தள்ளிருங்க. அம்புட்டுதான். பத்து நிமிச வேலை.

என்ன அப்படிப் பார்க்குறீங்க? இப்ப இருக்கிறதுதான் சரியா? சரியாப் போச்சு, நீங்களுமா! தேனியில என் மெக்கானிக்கும் இதையேதான் சொன்னாரு. பதினாலு வருசமா என் வண்டியப் பார்க்குற ஆளு, "இதுல நான் கை வைக்க மாட்டேன் ஜெயக்கொடி, ஓட்டுறவன் கைக்கு ஏத்த மாதிரி கச்சிதமா வச்சிருக்கான்"னு ஸ்பேனரக் கீழ போட்டுட்டாரு. அவருகிட்ட என்ன பேச்சுன்னுதான் இருபத்தஞ்சு கிலோமீட்டர் தாண்டி இங்கிட்டு சின்னமனூர் வந்து உங்க கடையில நிக்கிறேன். இங்க என்னைய யாருக்கும் தெரியாது பாருங்க.

நான் மருந்துக் கம்பெனி ரெப்புண்ணே. டாக்டர் கிளினிக் வாசல்ல பையத் தூக்கிக்கிட்டு டை கட்டி நிப்பாங்கல்ல, அதே ஆளுதான். இருபத்தோரு வருசம். தேனி, போடி, கம்பம், அப்புறம் போடிமெட்டு மலை மேல ஏறி அந்தப் பக்கம் இருக்கிற கிளினிக்கு வரைக்கும் என் ஏரியா. மழையோ வெயிலோ இந்த வண்டிதான். வண்டி ஓட்ட முடியாத ரெப்புக்கு கம்பெனியில என்ன வேலை இருக்கு சொல்லுங்க. ஒரு வேலையும் இல்ல.

கழட்டுங்கண்ணே, கழட்டிக்கிட்டே கேளுங்க.

எனக்குக் கை வலி. இல்லன்னு சொல்லல. ஒரு வருசமா இருக்கு. இந்தக் கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல், மூணும் எறும்பு ஊர்ற மாதிரி மதமதன்னு இருக்கும். அப்புறம் மரத்துப் போகும். மணிக்கட்டுல குத்தும். கிளட்ச்சப் பிடிச்சா விட முடியாது, விட்டா பிடிக்க முடியாது. தூக்கத்துல எந்திரிச்சு உக்காந்து கைய உதறிக்கிட்டே இருப்பேன். எம் பொண்டாட்டி சுகந்தி, "என்னங்க, தெர்மாமீட்டர் உதற மாதிரி உதறுறீங்க"ன்னு கேப்பா. இதுல கூத்து என்னன்னா, நான் விக்கிறதே வலி மாத்திரைதாண்ணே. மூட்டு வலி, முதுகு வலி, மணிக்கட்டு வலின்னு படம் போட்ட அட்டைய டாக்டருக்குக் காமிச்சுப் பேசுவேன். பேசும்போதே அட்டை கையில இருந்து நழுவும்.

சரி, வலி யாருக்குத்தான் இல்ல. நான் வந்தது வலியப் பத்திப் பேச இல்ல. நவநீதனப் பத்திப் பேச.

நவநீதன் யாருன்னு கேளுங்க. என் கம்பெனிதான். வேற மருந்து, அதே ஏரியா. இருபத்தொம்பது வயசு. வந்து மூணு வருசம் ஆகுது. நான்தான் கூட்டிக்கிட்டுப் போயி ஒவ்வொரு டாக்டரா காமிச்சு விட்டேன். எந்த டாக்டர் கிரிக்கெட் பேசுவாரு, எந்த டாக்டரம்மா செருப்பு வாசல்ல இருந்தா முறைக்கும், எல்லாம் நான் சொல்லிக் குடுத்தது. இப்ப நான் தனியாப் போனா அந்த டாக்டரம்மா, "என்ன, நவநீதன் வரலையா?"ன்னு கேக்குது. வயிறு எரியுமா எரியாதா? எனக்கு எரிஞ்சுச்சுண்ணே. மறைக்க என்ன இருக்கு.

அவன் வண்டி ஓட்டுறதப் பார்க்கணும் நீங்க. கோழிக்குஞ்சப் பிடிச்ச மாதிரி ஹேண்டில் பாரத் தொட்டும் தொடாம வச்சிருப்பான். முழங்கை மடங்கி, தொங்கிக்கிட்டு இருக்கும். காலாலதான் டேங்க்கக் கவ்விப் பிடிப்பான். எண்பது கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்து இறங்குனா, இப்பத்தான் குளிச்சுட்டு வந்தவன் மாதிரி சட்டைய இழுத்து விட்டுட்டு நிப்பான். கைய உதற மாட்டான். ஒரு தடவ கூட உதறி நான் பார்த்ததே இல்ல. நாங்க ரெண்டு பேரும் ஒரே நாள் கம்பம் போனா, அவன் வண்டிய எனக்கு முன்னால போக விட மாட்டேன். முறுக்கிப் பிடிச்சுக்கிட்டுப் போவேன். கிளட்ச்ல இருந்து விரல எடுக்கவே மாட்டேன், எந்நேரம் கியர் மாத்த வேண்டியிருக்குமோன்னு. வாசல்ல முதல்ல போயி நிக்கிறவன்தானே முதல்ல உள்ள போவான். போயிச் சேர்ந்தா கை ரெண்டும் என்னுதா இல்லையான்னு கிள்ளிப் பார்க்கணும். இருந்தாலும் முதல்ல போனது நான்தான்.

எங்க மேனேஜர் கஜேந்திரன் சார். மதுரையில இருந்து மாசம் ரெண்டு நாள் வருவாரு. ஜாயிண்ட் ஒர்க்குன்னு சொல்லுவோம். பெரிய ஆளு, காருல வருவாருன்னு நெனைக்காதீங்க. ரெப்போட வண்டியில பின்னால உக்காந்துதான் டாக்டரப் பார்க்க வருவாரு, அதுதான் எங்க வழக்கம். ரெண்டு ரெப் இருந்தா யார் வண்டியில ஏறுறாருன்னு ஊரே பார்க்கும். பதினோரு வருசமா என் வண்டிதான். தொண்ணூத்திரண்டு கிலோ ஆளுண்ணே. என் பை டேங்க் மேல இருக்கும், நான் பின்னால தள்ளி, கைய நீட்டி நெட்டுக்குத்தா வச்சு உக்காந்திருப்பேன். மெட்டுல இறங்கும்போது பிரேக் போடப் போட அவர் முன்னால சரிஞ்சு வந்து என் முதுகுல சாய்வாரு. மொத்தப் பாரமும் என் ரெண்டு மணிக்கட்டுலதான். பதினேழு கொண்டை ஊசி வளைவும் அப்படியே தாங்கிக்கிட்டு வருவேன். எனக்கு அது பாரமாவே தெரிஞ்சதில்ல. ஒரு மேனேஜர் நம்மள நம்பி சாயுறாருன்னா அது சும்மாவா?

போன பங்குனியில தேனி சிக்னல்ல வண்டி ஆஃப் ஆயிருச்சு. விரல் மரத்துப் போயி கிளட்ச்ச டப்புன்னு விட்டுட்டேன். வண்டி குதிச்சு நின்னுருச்சு. சார் ஹெல்மெட் என் ஹெல்மெட்டுல முட்டுச்சு. பின்னால பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான். "என்னய்யா ஜெயக்கொடி, வயசாயிருச்சா?"ன்னு சிரிச்சாரு. சிரிச்சுட்டு இறங்குனாரு. பக்கத்துல நவநீதன் வண்டி. அதுல ஏறிட்டாரு! "அண்ணன் கை கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கட்டும் சார்"ன்னு இவன் வேற சொல்றான். நான் பின்னாலயே ஓட்டிக்கிட்டுப் போனேன். சாரோட முதுகப் பார்த்துக்கிட்டே போனேண்ணே. அவர் கை அவன் தோள்ல இருந்துச்சு. எம் பொண்டாட்டி வேற ஒருத்தன் வண்டியில போனாக் கூட எனக்கு அவ்வளவு வலிச்சிருக்காது, சத்தியமாச் சொல்றேன்.

அன்னைக்கு டீ குடிக்கும்போது, சார முன்னால வச்சுக்கிட்டே எனக்குப் பாடம் எடுக்குறான். "அண்ணே, உங்க லிவர் ரொம்ப மேல நிக்குது. விரல் வைக்கும்போது மணிக்கட்டு பின்னால மடங்குது பாருங்க. கைய நீட்டுனா முழங்கையில இருந்து விரல் வரைக்கும் ஒரே கோடா வரணும். இறக்கி வச்சுருங்கண்ணே. பைய டேங்க்ல இருந்து எடுத்துட்டு முதுகுல மாட்டிக்கங்க. முட்டியால பிடிங்க, கையில பாரம் குடுக்காதீங்க."

எப்படி இருக்கும் எனக்கு? நான் ரோட்டுல வண்டி ஓட்ட ஆரம்பிக்கும்போது இவன் மூணாங்கிளாஸ்ல மூக்கு ஒழுக நின்னவன். "லிவர் மேல இருந்தாத்தாண்டா ஆளு நிமிந்து தெரிவான். டாக்டர் வீட்டு வாசல்ல கூனிக் குறுகியா போயி நிக்கச் சொல்ற? உன் வேலையப் பாரு"ன்னு சொன்னேன். சரிண்ணேன்னு டீ கிளாஸக் கீழ வச்சுட்டுப் போயிட்டான். சார் என் கையவே பார்த்துக்கிட்டு இருந்தாரு.

அதுக்கப்புறம் மதுரையில இருந்து சேதி வருது. மெட்டுப் பக்கம் மொத்தமும் நவநீதனுக்குக் குடுக்கலாமான்னு யோசிக்கிறாங்களாம். எனக்கு தேனி டவுனு மட்டுமாம். பஸ்ல போயிட்டு வந்துரலாமாம். பஸ்ல போற ரெப்பா நான்? இருபத்தோரு வருசம் மெட்டுல ஏறி இறங்கி, ஒவ்வொரு டாக்டர் புள்ளைக்கும் காதுகுத்துக்குப் போயி நின்னு சேர்த்த ஏரியாண்ணே அது.

போடியில எலும்பு டாக்டர் ஒருத்தர், எனக்கு நல்ல பழக்கம். கடைசியா இருந்த பேஷண்டும் போகட்டும்னு காத்திருந்து, பைய வெளியில வச்சுட்டு, பேஷண்டா உள்ள போனேன். தட்டிப் பார்த்தாரு, மடக்கிப் பார்த்தாரு. "மணிக்கட்டுல நரம்பு அழுந்துது ஜெயக்கொடி. வண்டியில கை மடங்குற விதத்த மாத்துங்க. இப்ப விட்டா அப்புறம் ஆபரேஷன்தான்"னாரு. சரிங்க சார்னு எந்திரிக்கிறேன். "இதத்தானே உங்க நவநீதனும் போன வாரம் வந்து விசாரிச்சான், ஒரு அண்ணனுக்குன்னு. லிவர் எத்தனை டிகிரி இருக்கணும்னு படமே வரைஞ்சு வாங்கிட்டுப் போனான்"னு சொல்றாரு. பார்த்தீங்களா வேலைய! என் டாக்டர்கிட்டயே போயி, நான் வண்டிக்கு லாயக்கு இல்லாதவன்னு சொல்லி வச்சிருக்கான்.

ஆனா பாருங்க, கடவுள் இருக்கான். சுகந்தி கோம்பையில ஒரு வைத்தியர்கிட்ட எண்ணெய் வாங்கிட்டு வந்தா. பச்சையா, கெட்டியா, நாத்தம் குடலப் புடுங்கும். தேய்ச்ச நாலாம் நாளே விரல்ல உசுரு வந்துருச்சு. ஒரு வாரத்துல ராத்திரி உதறுறது நின்னுருச்சு. மூணு வாரத்துல கம்பம் போயிட்டு வந்து கைய மடக்கி நீட்டிப் பார்க்குறேன், ஒண்ணுமே இல்ல! அழுகையே வந்துருச்சுண்ணே எனக்கு. நான் சும்மா இருப்பேனா? நவநீதன் முன்னாலயே போயி பத்து விரலையும் மடக்கிக் காமிச்சேன். "டிகிரியாம் டிகிரி! எண்ணெய்டா, எண்ணெய்!"ன்னேன். அவன் சிரிச்சுக்கிட்டே, "ரொம்ப சந்தோசம்ணே, விடாமத் தேய்ங்க"ன்னான். அவன் மூஞ்சி சுருங்கும்னு பார்த்தேன், சுருங்கல. உள்ளுக்குள்ள எரிஞ்சிருக்கும். வெளிய காட்ட மாட்டான், அமுக்கன். என்கிட்ட கேட்ட நாலு ரெப்புக்கு நானே அந்த எண்ணெய வாங்கிக் குடுத்தேன்.

ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்துச்சு. எண்ணெய் வாங்குன அதே நேரத்துல சைடு கண்ணாடி ரெண்டும் கோணிக்கிட்டு நின்னுச்சு, ரோடு தெரியாம வானம் தெரிஞ்சுச்சு. எவனோ பார்க்கிங்ல இடிச்சுட்டான்னு திருப்பி வச்சுக்கிட்டேன். கிளட்ச்சும் பூ மாதிரி வந்துச்சு. எண்ணெய் மகிமைன்னு நெனைச்சுக்கிட்டேன்.

முந்தாநாள் ஆயில் மாத்தத் தேனியில விட்டேன். அப்பத்தான் மெக்கானிக் கேக்குறாரு, "லிவர யாரு இவ்வளவு அருமையா இறக்கி வச்சது? கேபிளுக்குக் கிரீஸெல்லாம் போட்டு?"ன்னு. குனிஞ்சு பார்த்தா, ரெண்டு லிவரும் கீழ இறங்கி நிக்குது, கண்ணாடி அதோட சேர்ந்துதான் கோணியிருக்கு. ஹேண்டில் பார் என் பக்கமா சாஞ்சு வந்திருக்கு. என் வண்டி, எனக்குத் தெரியல! நேரா போடிக்குப் போனேன். எலும்பு டாக்டர் கிளினிக்குக்கு எதிர்த்தாப்புல டீக்கடை வச்சிருக்கிற பேச்சியக்காகிட்ட கேட்டேன். நாங்க உள்ள ஒரு மணி நேரம் ரெண்டு மணி நேரம் உக்காந்திருக்கும்போது வண்டியெல்லாம் அந்தக்கா கண்ணு முன்னாலதான் நிக்கும். "ஆமாப்பா, ஒங்க நவநீதன்தான். நீ உள்ள இருக்கயில வெயில்ல முட்டி போட்டு அரை மணி நேரம் நோண்டிக்கிட்டு இருந்தான். அண்ணன்கிட்ட சொல்லாதீங்கக்கா, கோவிச்சுக்கும்னு சொன்னான். சட்டையெல்லாம் கிரீஸு, நான்தான் சோப்பு குடுத்தேன்"னு சொல்லுது.

திருட்டுத்தனமா! என் வண்டியில! எனக்குத் தெரியாம!

வீட்டுக்குப் போயி சுகந்திகிட்ட கத்துனேன். அவ அமைதியா சோறு போட்டுக்கிட்டே சொல்றா: "நான்தான் நவநீதன் தம்பிகிட்ட சொன்னேன். நீங்க தூங்காமக் கைய உதறிக்கிட்டு உக்காந்திருக்கிறத எத்தனை நாள் பார்க்கச் சொல்றீங்க? நேராச் சொன்னா நீங்க கேக்க மாட்டீங்களேன்னு அந்தத் தம்பி வருத்தப்பட்டுச்சு." தம்பியாம்! அப்ப எண்ணெய் என்னாச்சுன்னு கேட்டேன். "எண்ணெயும் நல்லதுதான்"னு சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிச் சிரிச்சா. தட்டத் தள்ளி வச்சுட்டு எந்திரிச்சுட்டேன்.

இப்பச் சொல்லுங்கண்ணே. ஏரியா போகப் போகுது, அது அவனுக்கு. மேனேஜர் சாயுற முதுகு அவனுது. டாக்டரம்மா அவனத்தான் கேக்குது. வீட்டுல பொண்டாட்டி அவனத் தம்பிங்குறா. என்கிட்ட இருந்தது இந்த ரெண்டு கை. அதுவும் அவன் சரி பண்ணதுன்னு ஆச்சுன்னா, எனக்குன்னு என்னதான் மிச்சம்? நான் ஒவ்வொரு தடவ கிளட்ச் பிடிக்கும்போதும் அவன் முட்டி போட்டு உக்காந்திருக்கிறதுதான் கண்ணுல நிக்குது. வலி இல்லாத ஒவ்வொரு நிமிசமும் அவன் நெனப்புத்தாண்ணே வருது. தாங்க முடியல என்னால.

சும்மா இருங்கண்ணே, எண்ணெயிலதான் சரியாச்சு. நான் சொல்றேன்ல. லிவர் பழையபடி இருந்தாலும் வலிக்காது, பாருங்க. அத நிரூபிக்கத்தான் இந்த வேலையே. நாளைக்குக் காலையில ஒம்பது மணிக்கு சார் வர்றாரு. மெட்டு ஏறப் போறோம். யார் வண்டியில ஏறுறாரோ, யார் கை நல்லா இருக்கோ, அவனுக்குத்தான் அந்த ஏரியான்னு பேச்சு. நானே அழுத்திக் கேட்டேன், ஒரு தடவ என் வண்டியில ஏறிப் பாருங்க சார்னு. இன்னும் பதில் சொல்லல.

போல்ட்ட லூஸ் பண்ணிட்டீங்களா? தூக்குங்க. இன்னும். ம்ம்.

இருங்க, போன் அடிக்குது. யாரு... அவனேதான். ஆயுசு நூறு.

"ம்ம், சொல்லு... வெளியில இருக்கேன்... எங்கிருந்தா உனக்கென்ன... யாரு, சாரா?... என்ன சொன்ன நீ அவருகிட்ட?... ம்ம்... சரி... சரி, வைக்கிறேன்."

என்ன சொல்றான் தெரியுமாண்ணே? சார்கிட்ட இவனே பேசிட்டானாம். நாளைக்கு என் வண்டியிலதான் உக்காரணும்னு சொல்லிட்டானாம். "அண்ணன் கை இப்ப நல்லா ஆயிருச்சு சார், மூணு வாரமா பக்கத்துல இருந்து பார்க்குறேன், மெட்டு ஏரியா அவருக்குத்தான் சரி, என்னால அந்த வளைவெல்லாம் அவர் மாதிரி ஓட்ட முடியாது"ன்னு. சாரும் சரின்னுட்டாராம். "தைரியமா வாங்கண்ணே, உங்க ஏரியா எங்கயும் போகாது"ங்குறான்.

எதுக்கு ஸ்பேனர வைக்கிறீங்க?

நல்லா இருக்கே கதை. அப்ப இவன் சொல்லித்தான் அவர் என் வண்டியில ஏறணுமா? இவன் போடுற பிச்சையா என் ஏரியா? பதினோரு வருசம் தானா வந்து ஏறுன மனுசன், இப்ப இவன் சிபாரிசுல ஏறுவாரு. நான் இவன் வச்ச லிவரப் பிடிச்சுக்கிட்டு, இவன் குடுத்த கையோட மெட்டு ஏறணும். அதுக்கு இவன் கீழ நின்னு டாட்டா காட்டுவான்.

எடுங்கண்ணே ஸ்பேனர. எடுங்கன்னு சொல்றேன்ல! என் வண்டி, நான் சொல்றேன். முன்னால இருந்தது பத்தாது. இன்னும் மேல தூக்குங்க. இன்னும் கொஞ்சம். ஆங், அங்கதான். நல்லா இறுக்குங்க. எவன் வந்தாலும் திருப்ப முடியாத மாதிரி இறுக்குங்க.

தள்ளுங்க, உக்காந்து பார்க்குறேன். கைய நீட்டி... பிடிச்சு... ஸ்ஸ்ஸ்.

ஒண்ணும் இல்லண்ணே. லேசாச் சுருக்குங்குது. இந்த மூணு விரலும்தான். வலிக்கட்டும். இந்த வலியாவது என்னுது.